குறைந்த நாற்பத்தேழு மாத்திரைகள்

எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று ஒருமுறை பள்ளிவாசல் வாசலில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மேலப்பாளையத்தில் வைத்தியம் சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. கசகசாவைப் பாலில் அரைத்துக் குடி என்றார் ஒருவர். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார் இன்னொருவர். டவுண் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒருவர், தலைமாட்டுத் திசையைக் கேட்டுவிட்டு வீட்டையே திருப்பிக் கட்டச் சொல்லாத குறைதான். இவர்களில் பாதிப்பேர் வெள்ளிக்கிழமை பயான் சொற்பொழிவில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து குறட்டை விடுகிறவர்கள். அவர்களுக்குத் தூக்கம் எப்படி வருகிறது என்பதை யாரும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை.

உண்மையில் என் தூக்கம் எங்கே போனது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அது நான்கு வருடத்துக்கு முன்னால் என் மகனோடு விமானம் ஏறி துபாய் போய்விட்டது. அங்கே ஒரு பெரிய கடையின் சரக்குக் கிட்டங்கியில் அவனுக்கு வேலை. ஷிப்டு முடியும்போது அங்கே இரவு பதினொன்றரை, நமக்கு ஒரு மணி. தங்குமிடத்துக்குப் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிடுவான். போன முதல் வாரமே நான் அவனிடம் சொல்லிவிட்டேன்: "நீ எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வாப்பா முழிச்சுத்தான் இருப்பேன்." சொன்னதோடு நிற்கவில்லை. கடையில், டீக்கடையில், சம்பந்தமே இல்லாத கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எல்லா இடத்திலும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மகனுக்காக முழித்திருக்கிற தகப்பன் என்று நாலு பேர் பேசுவது எனக்குப் பிடித்திருந்தது.

பேச்சு ஆறு நிமிஷம் இருக்கும். சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி, இங்கே மழை இல்லை, ஆற்றில் தண்ணீர் வருகிறது. அவ்வளவுதான். கடைசி அரை நிமிஷம் என் மனைவியிடம் போனைக் கொடுப்பேன். அவள் பாதித் தூக்கத்தில் ஸலாம் சொல்லுவாள். அந்த ஆறு நிமிஷம் இல்லாவிட்டால் எனக்கு நாளே இல்லை என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் பேசி முடித்த பிறகு கண் கொட்டக்கொட்ட முழித்துக்கொள்ளும். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் கண் அயரும், உடனே எழ வேண்டும்.

ஒரே ஒருமுறை அவன் நேரம் மாற்றிக் கூப்பிட்டான். போன வருடம் தீபாவளிக் கூட்டத்தில், மாலை ஏழு மணிக்கு. நான் டவுண் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பேண்ட், சட்டைத் துணி வெட்டுகிறவன், முப்பது வருடமாக அதே மேஜை, அதே கத்திரிக்கோல். கடையில் கால் வைக்க இடமில்லை. "கூட்டமா இருக்குலே, வழக்கம் போல ராத்திரி பேசு" என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு அவன் மாலையில் கூப்பிட்டதே இல்லை. பிள்ளை சொன்ன சொல் கேட்கிறவன் என்று அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டேன்.

தூங்காதவன் கையில் கத்திரிக்கோல் இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் கல்யாண மாப்பிள்ளை கோட்டுக்கு எடுத்த துணியை அரை மீட்டர் குறைத்து வெட்டிவிட்டேன். அந்தத் துணிச் சுருளில் அதற்கு மேல் மிச்சமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் போட்ட சத்தம் கோயில் வாசல்வரை கேட்டிருக்கும். முதலாளி அண்ணாச்சி அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வந்து, குரலை உயர்த்தாமல், "பாய், துணியைத்தான் வெட்டச் சொன்னேன், என் கடையை இல்லை" என்றார். அன்று இரவு இதை மகனிடம் ஒரு குறையாகச் சொன்னேன். எல்லாம் உன்னால்தான் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த மாதிரித்தான் சொன்னேன். அவன் உடனே, "ஏதாவது அனுப்புதேன் வாப்பா" என்றான்.

அனுப்பினான். அவன் அறையிலேயே தங்கியிருக்கிற, எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் லீவுக்கு வந்தான். பையன் என்றாலும் வயது முப்பத்தைந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒருவன் ஊருக்கு வருகிறான் என்றால் அறையில் இருக்கிற எட்டுப் பேரின் சாமானும் அவன் பெட்டியில்தான் வரும். வந்த மறுநாள் அவன் வீடு வீடாகப் போய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவன் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பதும் வழக்கம். எட்டு வீட்டிலும் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டுதான் அவன் தன் லீவைத் தொடங்குவான்.

எங்கள் பொட்டலத்தில் மனைவிக்கு ஒரு துப்பட்டா, பால் பவுடர், பேரீச்சம்பழம், பிறகு ஒரு வெள்ளை டப்பா. டப்பாவின் மேல் நிலாவும் மூன்று நட்சத்திரமும் படம் போட்டிருந்தது. மெலட்டோனின் என்று பெயர். தூங்குவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஒன்று, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று அந்தப் பையன் சொன்னான். நான் அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே இருக்க வேண்டிய ஒட்டுத்தாள் கிழிந்திருந்தது. டப்பாவில் நூற்றிருபது என்று அச்சிட்டிருந்தது. துணியை அளந்தே பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு தட்டை எடுத்துவரச் சொல்லி, அவன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டி எண்ணினேன். எழுபத்து மூன்று. நாற்பத்தேழு மாத்திரை குறைந்தது.

"ஏலே, வார வழியில ஒனக்குத் தூக்கம் வரலையோ?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அப்படிச் சிரித்துக்கொண்டு கேட்பதுதான் இன்னும் கேவலம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவன் பாதி டீயைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, என் மனைவியைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் எழுந்து போய்விட்டான். பார்த்தாயா, பதில் இல்லை என்றேன் நான். மறுநாளே டீக்கடையில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன். தூக்க மாத்திரையைக்கூட விட்டுவைக்காத காலம் என்று அவர்களும் உச்சுக்கொட்டினார்கள்.

அடுத்தது பங்கு. வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் அது வந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. தைலம் என்றாலும் சோப்பு என்றாலும் சொந்தபந்தத்துக்குப் பிரித்துக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் பேசுவார்கள். தூக்கத்தைப் பங்கு போட முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. தச்சநல்லூரில் கடை வைத்திருக்கிற என் தங்கை மாப்பிள்ளைக்கு ஒரு தாளில் இருபது மடித்துக் கொடுத்தேன். அண்ணாச்சிக்குப் பதினைந்து, கோட்டுத் துணிக்குப் பிராயச்சித்தமாக. மிச்சத்தை மனைவி ஒரு பழைய தைல டப்பியில் போட்டுவிட்டு, அந்த வெள்ளை டப்பாவை வெந்நீரில் ஊறவைத்து, நிலாவையும் நட்சத்திரத்தையும் சுரண்டி எடுத்து, கருஞ்சீரகம் போட்டு வைத்துக்கொண்டாள். மூடி இறுக்கமான டப்பா எங்கள் வீட்டில் என்றைக்குமே குப்பைக்குப் போனதில்லை.

தச்சநல்லூர் மச்சான் மறுநாளே போன் பண்ணினார். ராத்திரி அவருக்கு நன்றாகத் தூக்கம் வருகிறதாம், மத்தியானம்தான் தெருச் சத்தத்தில் கண் மூட முடியவில்லையாம், அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டாராம். தூக்கமும் வரவில்லை, ஏப்பமும் வரவில்லை, என்ன ஃபாரின் மாத்திரை இது என்று கேட்டார். அண்ணாச்சியோ மாத்திரையைப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைவசம் இருக்கிறது என்கிற தைரியத்திலேயே தூங்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றைக்கூடத் தொடவில்லை.

என் கதை இதைவிட அழகு. சொன்னபடி பத்து மணிக்கு ஒன்று போடுவேன். பத்தரைக்குக் கண் சொக்கும். ஒரு மணிக்கு மகன் கூப்பிடுவானே என்று எழுந்து முகத்தைக் கழுவுவேன். மறுபடி சொக்கும். குழல்விளக்கைப் போட்டுவிட்டுக் பால் விடாத கட்டன்சாயா குடிப்பேன். பதினோரு மணிக்கு போனை எடுத்து ஊர்ச் சண்டை வீடியோவெல்லாம் பார்ப்பேன். ஒரு மணிக்கு அவன் கூப்பிட்டு, "மாத்திரை போட்டீங்களா வாப்பா, தூக்கம் வருதா?" என்று கேட்பான். "எங்க வருது? ஒண்ணுக்கும் ஒதவாத மாத்திரை" என்பேன்.

பன்னிரண்டு நாள் இப்படி. மாத்திரை போலி என்ற முடிவுக்கு வந்து, ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வண்ணார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெடிக்கல்காரரிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். விளக்கு, சாயா, போன், முகம் கழுவுவது எல்லாம். பிறகு, இது அடித்துப் போட்ட மாதிரி தூங்கவைக்கிற சரக்கு இல்லை, இருட்டினால் உடம்பே தன்னால் சுரக்கிறதுதான், ராத்திரி ஆகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது மட்டும்தான் இதன் வேலை என்றார். "நீங்க விளக்கையும் போட்டு, அது கூட மல்லுக்கும் நின்னா, அது பாவம் என்ன செய்யும் பாய்?" அவர் சிரித்ததில் எனக்குக் கோபம் வந்தது. மாத்திரையின் பக்கம் பேசுகிறவன் வேறென்ன சொல்வான் என்று பஸ் ஏறிவிட்டேன்.

லீவு முடிந்து திரும்புகிறவன் மறுபடி எட்டு வீட்டுக்கும் போக வேண்டும். அங்கே கொண்டுபோக ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தான். உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம் என்றான். மனைவி இடியாப்ப மாவும் மீன் ஊறுகாயும் எடுத்துவர உள்ளே போனாள். அவள் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மாமி முன்னால சொல்ல வேண்டாம்னு ஒங்க பையன் சொல்லியிருந்தான். அந்த நாப்பத்தேழும் அவன் போட்டது. அவன் ஒழுங்காத் தூங்கி ஒரு வருஷம் ஆவுது மாமா. அவனுக்கு வாங்குன டப்பாதான் அது. வாப்பாக்குத் தூக்கமில்லன்னு மிச்சத்தை அப்படியே தந்துவிட்டுட்டான்."

அதற்குள் மனைவி வந்துவிட்டாள். அவன் பொட்டலத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் சரி.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் செய்த வேலையை இந்த ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்டேன். தச்சநல்லூரில் தங்கை கதவைத் திறந்தபோது சிரித்த முகம், நான் விஷயத்தைச் சொன்னதும் மாறிவிட்டது. மச்சான் பீரோவைத் திறந்து, ஒவ்வொரு மாத்திரையாக மேஜையில் வைத்து, இருபதில் மூன்று நான் சாப்பிட்டேன், அதையும் வேண்டுமானால் என்று நிறுத்தினார். உன் மகளுக்குக் கல்யாணம் பேச இந்த வீட்டுக்கு வந்துவிடாதே என்கிற மாதிரி இருந்தது அந்த முகம். எனக்கு மகள் இல்லை என்பது நல்லதாய்ப் போயிற்று. அண்ணாச்சி மட்டும் ஒன்றும் கேட்காமல், விபூதி ஒட்டிய பொட்டலத்தை எடுத்து அப்படியே நீட்டினார். "மகனுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். பங்கு வாங்கியவர்களில் மாத்திரையால் பயன் அடைந்தவர் அவர் ஒருவர்தான், அவருக்கும் அது போய்விட்டது.

எல்லாம் சேர்த்துப் புதுத் தாளில் மடித்து, சனிக்கிழமை மாலை அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பொட்டலத்தை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்:

"எத்தனை இருக்கு மாமா? எண்ணிச் சொல்லிருங்க."

எனக்கு அது வேண்டியதுதான். "அம்பத்தெட்டு" என்றேன். உண்மையில் எண்ணி வைத்திருந்தேன், அதுதான் இன்னும் வெட்கம்.

அவன் சிரிக்கவில்லை. பேப்பரில் மடித்த மாத்திரையை எந்த ஏர்போர்ட்டிலும் கொண்டுபோக முடியாது, பேர் ஒட்டின டப்பா எங்கே என்று கேட்டான். அது கருஞ்சீரகமாகிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்படியானால் இதைக் கொண்டுபோய் நான் அங்கே ஜெயிலில்தான் தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுபடி கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். நான் அப்படியே நின்றேன். நாலு வருடமாக முழித்திருந்ததில் வராத அசதி அந்த நிற்பில் வந்தது. என்ன நினைத்தானோ, முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"மாத்திரை அங்கேயே கெடைக்கும் மாமா, அதுக்காக நீங்க அலைய வேண்டாம். அவனுக்கு மாத்திரை இல்லாதது ஒரு கொறை இல்ல. அவனுக்கு ஷிப்டு மாத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப காலையில அஞ்சு மணிக்கு வேலையில நிக்கணும். ராத்திரி ஒம்பதுக்குப் படுத்துருவான். பதினொன்னரைக்கு அலாரம் வச்சு எந்திக்கான். ரூம்ல எல்லாரும் தூங்குவாவன்னு வெளியே படிக்கட்டுல போய் ஒக்காந்து ஒங்களுக்குப் போன் பண்ணுதான். திரும்ப வந்து படுத்தா தூக்கம் வராது. அதுக்குத்தான் மாத்திரை."

"சொல்ல வேண்டியதுதானே? ஏன் சொல்லல?"

"நானும் அவன்கிட்ட கேட்டேன் மாமா. வாப்பா எனக்காவ முழிச்சிருப்பாவன்னு சொல்லுதான்."

மாலை ஏழு மணிக்கு வந்த ஒரு அழைப்பை நான் வெட்டியது எனக்குத்தான் தெரியும். கத்திரிக்கோல் கையில் இருந்தால் வெட்டத்தானே செய்வோம். அவன் அன்றைக்கு அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பான். இவ்வளவு நாள் அவனுக்காக நான் முழித்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டேன். நான் காத்திருப்பேனே என்று அவன் தன் தூக்கத்தை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. கயிறு கட்டுகிறவன் முன்னால் அழ வேண்டாம் என்று, நான் தப்பாகப் பேசிவிட்டேன் தம்பி, மனதில் வைக்காதே என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். "டீ குடிங்க மாமா" என்றான் அவன். முழு டம்ளரையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வரும் வழியிலேயே டீக்கடைக்குப் போய், நான் சொன்னது தப்பு என்று அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. ஒருவனைத் திருடன் என்றால் உடனே நம்புகிற ஊர், இல்லை என்றால் உனக்கு எவ்வளவு கிடைத்தது என்கிற மாதிரிப் பார்க்கிறது.

மஃரிபு தொழுதுவிட்டு வந்து மகனுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். நாலு தடவை பேசி அழித்து, ஐந்தாவதைத்தான் அனுப்பினேன். "மாத்திரை இப்பம் நல்லா வேலை செய்யுது. மருந்துக்காரர் சொன்னாரு, நான்தான் போடுத முறையத் தப்பாப் பண்ணிட்டேன். பத்து மணிக்கெல்லாம் கண்ணு சொக்கிருது. இனிமே ஒரு மணிக்குக் கூப்பிடாத, எனக்குத் தூக்கம் கெடுது. சாயந்தரம் ஒனக்கு வேலை முடிஞ்சதும் கூப்பிடு. கடையில எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எடுப்பேன்."

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "சரி வாப்பா" என்று மட்டும் எழுதியிருந்தான்.

அன்று இரவு மாத்திரை போடவில்லை. அவனுடையதைத் தொட மனம் வரவில்லை. பத்து மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். இருட்டினால் உடம்பே சுரக்கும் என்றாரே மெடிக்கல்காரர், அது என் உடம்புக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு ஆனது. ஒரு மணி ஆனது. போன் தலைமாட்டில் கிடந்தது, அடிக்கவில்லை. ஒன்றே கால் ஆனது.

பக்கத்தில் தூங்குகிறாள் என்று நினைத்திருந்த என் மனைவி இருட்டுக்குள் பைய, "இன்னைக்குப் போன் வரலையே" என்றாள்.

"வராது" என்றேன். "தூங்குதான்."